தண்டபாணியைப் பற்றித் தம்பிக்கு

பேராவூரணி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் முழங்கால் பரவாயில்லை. மாத்திரை போட்டால் அடங்குகிறது, மாடி ஏறினால் ஆரம்பித்துவிடுகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து பூத்தூவியதை டிவியில் காட்டினார்கள். நம் பக்கத்து வாய்க்காலுக்கு எப்போது வருமோ தெரியவில்லை. கல்லணைக் கால்வாயில் வரிசையின் கடைசியில் நிற்கிறவர்கள் நாம். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து அந்தக் கால்வாய் வந்த நாளிலிருந்து இதே கதைதான். உங்க அத்தான் தினமும் காலையில் போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறார். பார்த்தால் சீக்கிரம் வரும் என்று நினைப்பு.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "அண்ணனைப் பத்தி நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கேனாக்கா? அவர் இஷ்டம் அவருக்கு. நான் ஒதுங்கித்தானே இருக்கேன்" என்றாய். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கை கீரை ஆய்கிறது, மனசு அந்தப் பேச்சிலேயே நிற்கிறது. இதே தோரணையில் இருக்கிற ஒருத்தரை நமக்குத் தெரியுமே, யார் யார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது. தண்டபாணி!

எந்தத் தண்டபாணி என்று கேட்காதே. அந்தப் புத்தகத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நீதான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் நீ படித்த காலம். தீபாவளி லீவுக்கு வந்தபோது பையில் தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இருந்தது. அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா, "என்னடா, மாரியாத்தா கதையா? சத்தமாப் படி, நானும் கேக்குறேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். நீ திருதிருவென்று விழித்தது இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் என்னிடம் தள்ளிவிட்டாய். நான் இரண்டு ராத்திரியில் படித்துவிட்டு உன்னிடம் சண்டைக்கு வந்தேன். இப்படி ஒரு தாயா, இதை எழுத ஒருத்தரா என்று. நீதான் அலங்காரத்தம்மாளுக்காக வக்கீல் மாதிரி வாதாடினாய். "அவளைத் தப்பு சொல்ல நாம யாருக்கா?" என்று கேட்டவன் நீ. வயது இருபது இருக்குமா அப்போது?

அந்தக் குடும்பத்தை ஒரு தடவை நினைத்துப் பார். சின்னப் பையனாக இருக்கும்போதே அப்புவைக் காவிரிக் கரையில் பவானியம்மாளின் வேதபாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள் அலங்காரம். அவனுக்குப் படிப்பு வர வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை, தன் கணக்கை அவன் தீர்ப்பான் என்று. பிள்ளை ரிஷி மாதிரி ஆகி வந்தால் அவன் காலில் விழுந்து தன் பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்பது அவள் போட்டு வைத்திருந்த திட்டம். அப்பு படிப்பை முடித்துச் சென்னைக்கு வருகிறான். அம்மாவைத் தேடி வீட்டுக்குச் சிவசு வந்து போவதைப் பார்க்கிறான். தனக்குப் பின்னால் பிறந்தவர்களின் முகத்தைப் பார்க்கிறான். தகப்பனார் தண்டபாணியையும் பார்க்கிறான். அவருக்கு எல்லாம் தெரியும். ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர், வேதாந்தம் தெரிந்தவர், வீட்டுக்குள் நடப்பதும் தெரிந்தவர். ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் நாம் இரண்டு பேருமே தண்டபாணியைப் பெரிய மனுஷர் என்றுதான் சொன்னோம். இப்போது மறுபடி நினைத்துப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையை ஓங்கவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை, அதெல்லாம் சரி. ஆனால் அலங்காரத்தை ஒரு மனுஷியாக நிறுத்தி, "ஏன்டி?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். சண்டை வந்திருக்கும். சண்டைக்கு அப்புறம் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவர் ஒதுங்கி உட்கார்ந்தே அவளைத் தண்டித்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் அவள் தனக்குத் தீர்ப்புச் சொல்ல வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தேடிப் போனாள். அந்தப் பாரத்தை எட்டு வயசோ பத்து வயசோ ஆன ஒரு பையன் தலையில் வைத்தாள். என் கணக்கில் அப்புவின் கஷ்டத்துக்குப் பாதிக் காரணம் தண்டபாணியின் வாய்தான், திறக்காத வாய்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

தி.ஜானகிராமன் யாரையும் தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் உட்கார விடுவதில்லை. நான் வகுப்பில் எத்தனையோ நாவல் நடத்தியிருக்கிறேன். பாதி ஆசிரியர்களுக்குக் கையில் பிரம்பு இருக்கும். இவரும் ரேடியோவுக்குப் போகும் முன் பத்து வருஷம் போலப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். ஆனாலும் எழுத்தில் பிரம்பு கிடையாது. வேதம் முழுக்கப் படித்த அப்புவுக்குத்தான் அம்மாவை நிறுத்திக் கேட்கிற யோக்கியதை இருக்கிறது என்று நாம் நினைப்போம். அவனே பாடசாலைக்குத் திரும்பி, கணவனை இழந்த இந்துவின் அன்பில் போய் நிற்கிறான். அலங்காரம் வந்து பார்க்கிறாள். நீயும் அம்மா பிள்ளைதான் என்பதுபோல் ஒன்று சொல்லிவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. சாஸ்திரம் படித்தவன், படிக்காதவள், தாய், பிள்ளை எல்லோரும் ஒரே மண்ணில்தான் நிற்கிறார்கள்.

1966-ல் புத்தகம் வந்தபோது பெரிய எதிர்ப்பு. அது இருக்கட்டும், நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. 'மோகமுள்' அதற்குப் பத்து வருஷம் முந்தியது, சுதேசமித்திரனில் தொடராக வந்தது. அதில் தங்கம்மாவை நினைத்துப் பார். கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப்பெண். ஒரு ராத்திரி பாபுவைத் தேடி வருகிறாள். அவளுக்கு ஆசிரியர் கொடுத்த முடிவு சாவு. பாபுவுக்கோ பச்சாதாபம், பாட்டு, யமுனா, நீண்ட ஆயுள் எல்லாம் கிடைக்கிறது. எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் தி.ஜா. மேல் வருத்தம்தான். தப்பு செய்த பெண்ணைக் கொன்று கதையை முடிப்பது உலகம் முழுக்க நாவலாசிரியர்களின் பழக்கம். டால்ஸ்டாய் அன்னாவை ரயிலில் தள்ளினார். பிளாபேர் எம்மாவுக்கு விஷம் கொடுத்தார். அப்படிக் கொடுத்தும் 1857-ல் ஒழுக்கக்கேடு என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள், அப்புறம் விடுதலை ஆனார். ஆனால் பத்து வருஷம் கழித்து அலங்காரத்துக்கு வரும்போது தி.ஜா.வுக்குக் கொல்ல மனசில்லை. காசிக்கு ரயில் ஏற்றி அனுப்புகிறார். 1975-ல் 'மரப்பசு' அம்மணிக்கு அந்தக் காசிப் பயணமும் கிடையாது, யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. சாவு, காசி, அப்புறம் ஒன்றுமில்லை. தேவங்குடியில் பிறந்த ஒரு மனுஷன் எழுதி எழுதியே இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். நாம் படித்தோமே, எவ்வளவு தூரம் நடந்தோம்?

அன்னா என்றதும் டாலி ஞாபகம் வருகிறது. நீ அந்தப் புத்தகம் பெரிசு என்று பாதியில் வைத்துவிட்டாய். அன்னாவின் அண்ணன் ஸ்தீவா, அவன் மனைவி டாலி. ஸ்தீவா வீட்டில் வேலைபார்த்த பெண்ணோடு தொடர்பு வைத்திருந்தான், ஊர் அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டது. அன்னா செய்தபோது ஊர் கதவைச் சாத்தியது. அப்போது வண்டி பிடித்துக் கிராமத்துக்குப் போய் அவளைப் பார்த்து வந்தவர்களில் டாலி ஒருத்தி. போன இடத்தில் டாலிக்கு ஒன்றும் சுகமாக இல்லை. அந்த வீட்டு ஆடம்பரம், பேச்சு எதுவும் ஒட்டவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டாள். அன்னா செய்தது சரி என்றும் சொல்லவில்லை. ஆனாலும் போனாள் பார். அந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் அவள்தான்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன்.

சித்திரையில் நீலகண்டப் பிள்ளையார் திருவிழா முடிந்ததும் நான் அண்ணனைப் பார்க்கத் தோப்பு வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "அக்கா, அதை விடு" என்பாய். பஸ்ஸில் சேதுபாவாசத்திரம் ரோட்டில் இறங்கி நடந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நீ அந்தத் தோப்பைப் பார்த்தாய் அல்லவா, வேரோடு சாய்ந்து கிடந்ததை? அண்ணன் அப்போது ஒரு மாதிரி ஆகிவிட்டார். அண்ணி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை வெளிநாட்டில். அப்பா நட்ட மரமும் போயிற்று. நாம் என்ன செய்தோம்? நீ பணம் அனுப்பினாய், நான் இரண்டு நாள் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். விழுந்த மரத்து மட்டைகளை வைத்துக் கீற்று முடைய வந்த பெண்களில், இப்போது அண்ணனோடு இருக்கிற அந்தம்மாவும் ஒருத்தி. மற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். அது மட்டும் மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போயிற்றாம். அண்ணன் சொன்னது இது.

நான் போனபோது அது கிணற்றடி நிழலில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தது. மட்டையை நடுவாகப் பிளந்து ஊறப்போட்டு வைத்திருந்தார்கள். ஒரு காலால் மட்டையை மிதித்துக்கொண்டு, ஒவ்வோர் ஓலையாக எடுத்து மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்துக்கொண்டே போகிறது. கண் கீற்றில் இல்லை, என் மேல்தான். கை மட்டும் தன் பாட்டுக்கு ஓடுகிறது. கட்டை விரல் ஓரம் கறுத்துத் தடித்திருந்தது. "வாங்க" என்றதே தவிர எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் நான் என்ன நினைப்பேனோ, எழுந்திருக்காவிட்டால் என்ன நினைப்பேனோ என்று அதற்கும் தெரியவில்லை போல. நானும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

உள்ளே சுவரில் அண்ணி படம். அதில் அன்றைக்குப் பறித்த நந்தியாவட்டை. "யார் வைக்கிறா?" என்று கேட்டேன். "அதுதான் வைக்கும். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றார் அண்ணன். அண்ணிக்குத் துரோகம் பண்ணிவிட்டார் என்று நீ சொன்னாயே, அதற்காக இதை எழுதுகிறேன். வேறு ஒன்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

நான் அண்ணனிடம் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஊர் சொல்லி எங்களுக்குத் தெரியணுமா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றார். "மாட்டேன்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாலியைக் கட்டிவிடுங்களேன், 1967-லேயே அண்ணா மாலை மாற்றினாலே செல்லும் என்று சட்டம் போட்டாரே, இந்த வயசில் எதற்கு ஊர் வாய்க்கு அவல் என்றும் சொன்னேன். அதற்குக் கிணற்றடியிலிருந்து பதில் வந்தது. "ஒரு தடவை கட்டினது போதுங்க." எனக்கு இன்னும் அது சம்மதமில்லை, தம்பி. அந்தப் பதிலும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். குழம்பு நன்றாக இருந்தது. நம் அம்மா வைப்பதைவிடக் கொஞ்சம் புளி தூக்கல்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். அண்ணனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "பாவம், ஆம்பளை, தனியா எத்தனை நாள் இருப்பாரு" என்கிறார்கள். எல்லாம் அந்தம்மா தலையில்தான். வேறு சாதி, கூலிக்காரி, தோப்பைச் சுருட்ட வந்தவள். ஸ்தீவாவுக்கும் அன்னாவுக்கும் ருஷ்யாவில் நடந்தது இங்கே சேதுபாவாசத்திரம் ரோட்டில் நடக்கிறது. நீ பொதுவாக ஒதுங்கியிருப்பதாகச் சொல்கிறாய். நீ ஒதுங்கினால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். "சொந்தத் தம்பியே வாசப்படி மிதிக்கலை பாத்தியா" என்று என் காதுபடவே ஒருத்தர் சொன்னார்.

'மோகமுள்'ளில் நாம் இரண்டு பேரும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. யமுனா வீடு யாருடைய வீடு? சுப்பிரமணிய ஐயரின் இரண்டாவது குடும்பம், மராட்டியப் பெண் பார்வதியின் வீடு. பாபுவின் அப்பா வைத்தி அந்த வீட்டைச் சொந்த வீடாகவே நினைக்கிறார். பிள்ளையைத் துக்காம்பாளையத் தெருவுக்குத் தயங்காமல் அனுப்புகிறார். அங்கே அவன் சாப்பிடுகிறான், உட்கார்ந்து பேசுகிறான். வைத்தி இதற்காக ஒரு பிரசங்கமும் செய்வதில்லை. ராஜத்தையும் எடுத்துக்கொள். பாபு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவது அவனிடம்தான். அவனும் மூஞ்சிக்கு நேரே கேலி செய்கிறான், வாதம் செய்கிறான், ஆனால் ஆளை விட்டுவிட்டுப் போவதில்லை. நீ கல்லூரியில் இருந்தபோது உனக்கே ராஜம் என்று பேர் வைத்திருந்தார்களாம், நீயே சொன்னாய். காவிரிப் பாலத்தைத் தாண்டி வகுப்புக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தன் உன்னிடம் அழுதுகொண்டு வருவானாம். அந்த ஆள் எங்கே போனான்?

பாப்பா கல்யாணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழப்போகிற இடத்தில் பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. பத்திரிகை மாதிரியைப் போனில் அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலமான சித்தப்பா பெயர்கூட இருக்கிறது, பெரியப்பா பெயர் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, நான் ஒரு வேலை செய்துவிட்டேன். பட்டுக்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில் சம்பந்தியைப் பார்த்தேன். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா முகம் கொஞ்சம் மாறியது. இல்லை என்று சொன்னால் பொய். சம்பந்தி மட்டும், "எங்களுக்கு முன்னாடியே தெரியுங்க. பெரியவர் பேர் இல்லாமப் பத்திரிகை அடிச்சாத்தான் ஏன்னு நாலு பேர் கேப்பான்" என்றார். அந்தம்மாவைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. முழுசாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று உன்னிடம் கதை விட மாட்டேன்.

அண்ணன் செய்தது சரி என்று நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லவில்லை. அவர் தப்பே செய்திருந்தாலும் அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய உறவு நீ. உன் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டுத் தோப்புக்குப் போனவர் அவர். அந்தக் கடனைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், மடக்கத்தான் பார்க்கிறேன்.

பத்திரிகையை இந்த வாரம் அச்சுக்குக் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. கடையில் வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொள்வோம். நானும் கூட வருகிறேன், உங்க அத்தானும் வருவார். திட்ட வேண்டும் என்றால் அண்ணன் முகத்துக்கு நேரே திட்டு, வேண்டிய மட்டும் திட்டு, அவர் கேட்டுக்கொள்வார். திட்டி முடித்ததும் அந்தம்மாவையும் கூப்பிட்டுத் தட்டை அது கையிலும் கொடுத்து, கல்யாணத்துக்கு வரச் சொல். வருகிறதும் வராததும் அதன் இஷ்டம். பெரியப்பா பெயரை என் பெயருக்கு மேலே போடச் சொல், வயசுப்படி அதுதான் முறை. வரும்போது என்னுடைய 'அம்மா வந்தாள்' உன் அலமாரியில் இருக்கிறது, அதையும் மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் அக்கா